கிளினிக் கொப்பியும் தகவலியல் சங்கமும்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அளவெட்டிச் சனமும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. காணி உறுதி, நகை, அடையாள அட்டை என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர்களில் கிளினிக் கொப்பியை நினைத்து எடுத்தவர்கள் எத்தனை பேர்? நீரிழிவுக்கு எத்தனை அலகு இன்சுலின், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று என்பதெல்லாம் அதில்தான் இருந்தன. கொப்பி போனால், நோயாளியின் ஞாபகம் மட்டுமே மிச்சம்.

இந்த இழப்போடு நேரடியாகத் தொடர்புடைய துறைதான் மருத்துவத் தகவலியல். நோயாளியின் விபரத்தை எப்படிப் பதிவது, எப்படிப் பாதுகாப்பது, உரியவர் மட்டும் பார்க்கும்படி இன்னொரு வைத்தியசாலைக்கு எப்படி அனுப்புவது என்பதே அதன் வேலை. கணினி வாங்கி மேசையில் வைப்பதைத் தகவலியல் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உலக மட்டத்தில் இத்துறையினர் 1967 இல் ஒரு தொழில்நுட்பக் குழுவாகக் கூடினர். அதுவே 1989 இல் சர்வதேச மருத்துவத் தகவலியல் சங்கம் என்ற தனி அமைப்பானது. நாடுகளின் தேசியச் சங்கங்கள் அதில் உறுப்பினர்களாக உள்ளன. இந்தியச் சங்கம் 1993 இல் உருவானது. இலங்கைச் சுகாதாரத் தகவலியல் சங்கம் 1998 இல் தொடங்கப்பட்டது. அப்போது வடக்கில் யுத்தம். தொலைபேசியே அரிதாயிருந்த காலம்.

சங்கம் இருந்தாலும் பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் துறை வளராது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம், நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு, வைத்தியர்களுக்கான உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிக் கற்கையைத் தொடங்கியது 2009 இல். அதே ஆண்டு மே மாதம் வன்னியில் காயப்பட்டவர்களின் பதிவுகளுக்கு என்ன நடந்தது என்பது எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சங்கத்தின் ஆய்விதழ் அடுத்த ஆண்டு வந்தது. 2020 ஜனவரியில் கொவிட் கண்காணிப்புக்கென இலங்கையில் உருவாக்கிய மென்பொருள் அமைப்பைப் பல நாடுகள் பின்பற்றின. அதன் பின்னால் இந்த வைத்தியர்களின் உழைப்பும் இருந்தது.

ஒரு தொழிற்சங்கத்துக்கும் தொழில்சார் சங்கத்துக்கும் வேறுபாடு உண்டு. சம்பளம் கேட்பது முன்னையது. வேலையின் தரத்தையும் ஒழுக்கத்தையும் தீர்மானிப்பது பின்னையது. சர்வதேசச் சங்கம் 2002 இல் ஏற்ற ஒழுக்கக்கோவை, தன்னைப் பற்றிய பதிவு வைக்கப்படுகிறது என்பதை நோயாளி அறியவும் அதைப் பார்க்கவும் உரிமை உள்ளவர் என்கிறது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவைத் தனிக் கவனத்துக்குரியதாக வகைப்படுத்துகிறது. பெயர் பதிவது என்றாலே நெஞ்சு பதறும் எங்கள் சனத்துக்கு இது சிறு விஷயமல்ல. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் படிவத்தை நீட்டுகிறவர், அந்தத் தகவல் எங்கே போகும் என்று விளங்கப்படுத்தவும் வேண்டும், அதுவும் தமிழில்.

மொழியில் எங்களுக்குப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, கலைச்சொற்களும் ஆக்கினார். திரையில் தமிழில் வாசிக்க முடியாத பதிவை அளவெட்டியில் ஒரு முதியவர் எப்படிச் சரிபார்ப்பார்? சங்கத்தில் சேரும் தமிழ் வைத்தியர்களும் கணினி வல்லுநர்களும் முதலில் எழுப்பவேண்டிய கேள்வி இது.

இப்போதைக்கு அவர் தெல்லிப்பழைக்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் பையில் கொப்பியோடுதான் பஸ் ஏறுகிறார்.