சர்க்கார் காவலில் ஒரு பயிர்

அன்றைய ராஜ்ஷாகி மாவட்டத்து நௌகாவில் கஞ்சா பயிரிட உரிமம் வேண்டியிருந்தது. அறுவடையைச் சர்க்கார் மேற்பார்வையில் உள்ள கிடங்கில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. தீர்வை கட்டாமல் ஒரு மூட்டைகூட அங்கிருந்து நகர முடியாது என்பது அன்றைய விதி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்துக்கு வேண்டிய கஞ்சா இந்த ஒரு வட்டாரத்திலிருந்துதான் போனது. இன்று வங்கதேசத்தில் இருக்கும் அந்த வட்டாரத்துக்கு அப்போது பேரே 'கஞ்சா மஹால்'.

கலால் வருமானம் கொழிக்கும் இடம் என்பதால் அதிகாரிகள் அடிக்கடி வந்தார்கள். ஹேம் சந்திர கேர் 1877இல் ஓர் அறிக்கை கொடுத்தார். 1893இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து டேவிட் பிரெய்ன் இன்னொன்று எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து, மாக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைந்தது. வரிக்காகவும் விசாரணைக்காகவும் எழுதிய தாள்கள்தான். ஆனாலும் அவற்றைப் புரட்டினால் ஒரு வேளாண்மைக் கையேடு கிடைத்துவிடுகிறது. குடியானவர் மண்ணை எப்படிப் பண்படுத்தினார் என்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைக்க வேறு எந்தப் பயிருக்கு ஆள் கிடைத்தார்கள்?

தேர்ந்தெடுத்தது மேட்டு நிலம். மணல் கலந்த இளகிய மண்ணாக இருக்க வேண்டும், மரநிழல் விழக் கூடாது, தண்ணீர் தேங்கவே கூடாது. கோடையிலேயே உழவு தொடங்கிவிடும். சுற்றியுள்ள பள்ளங்களிலிருந்து புதுமண் வெட்டி வயலில் கொட்டிப் பரப்புவார்கள். அதன்மேல் சாண எரு. ஒரே வயலில் அடுத்தடுத்த ஆண்டு கஞ்சா போடுவதில்லை, இடையில் வேறு பயிர் வைத்து நிலத்தைத் தேற்றுவார்கள். ஆகஸ்டில் நாற்றங்கால், செப்டம்பரில் பார் பிடித்து நடவு. செடி வேர் பிடித்ததும் பாரின் இரு பக்கத்தையும் கொத்திச் சரித்து, சாணமும் புண்ணாக்கும் இட்டு, மறுபடி மண் அணைப்பார்கள். அடியுரத்தோடு நிற்காமல் வளரும் செடிக்கு மேலுரமும் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கைச்செலவும் ஆள்கூலியும் மிகுந்த பயிர் இது. மலைச்சாரலில் தானாக முளைத்துக் கிடக்கும் காட்டுச்செடியோடு இதை ஒன்றாகப் பேசுவது நௌகாவ் விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

இத்தனை உரமும் வீணாகாமல் காப்பவர் ஒருவர் இருந்தார். அவருக்கு 'பொத்தார்' என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரிகள் 'கஞ்சா டாக்டர்' என்றார்கள். மகரந்தம் பட்டால் பெண்செடி விதை பிடித்துச் சரக்கு கெட்டுவிடும். அதனால் பூ விரியும் முன்பே, நவம்பர் வாக்கில், அவர் பாரோடு பாராக நடந்து ஆண்செடிகளை அடையாளம் கண்டு ஒடித்துக்கொண்டே போவார். பின்னால் வரும் விவசாயி அவற்றை வேரோடு பிடுங்குவார். ஒரு நடை போதாது, தப்பியவற்றுக்காக மீண்டும் வருவார். ஒரு வயலில் கவனம் பிசகினால் பக்கத்து வயலுக்கும் கேடு என்பதால் ஊரே அவரை நம்பியிருந்தது.

ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை. வெட்டிய செடிகளைக் களத்தில் வைத்துக் காலால் மிதித்துத் தட்டையாக்குவது ஒரு வகை, காலடியில் உருட்டித் திரட்டுவது இன்னொரு வகை.

ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. சென்னை மாகாணத்தில் சவ்வாது மலைச் சாகுபடியும் அதன் பார்வைக்கு வந்தது. முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று 1894இல் முடிவு சொன்னது. உறுப்பினர் எழுவரில் மூவர் இந்தியர். அவர்களில் இருவர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்கள். அந்த இருவரில் ஒருவர் தாஹிர்பூர் ராஜா சசிசேகரேஸ்வர ராய். தாஹிர்பூர் இருப்பதும் ராஜ்ஷாகியில்தான். கஞ்சா விளையும் மாவட்டத்து ஜமீன்தாரே கஞ்சாக் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பது சுவையான செய்தி.

விவசாயிகள் கை ஓங்கியது அதற்குப் பிறகுதான். 1917இல் நௌகாவில் கஞ்சா சாகுபடியாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இடைத்தரகரை விலக்கி விற்பனையைத் தானே எடுத்துக்கொண்ட சங்கம், லாபத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சாலையும் அமைத்தது. தேசப் பிரிவினை வந்தபோதும், பிறகு வங்கதேசம் பிறந்தபோதும் சாகுபடி தொடர்ந்தது. 1987இல் அரசு அதை நிறுத்தியது. இப்போது நௌகாவ் மாவட்டம் நெல்லுக்கும் மாம்பழத்துக்கும் பேர்பெற்றது. பழைய கஞ்சாச் சங்கத்தின் கட்டடங்களும் நிலங்களும் நகரில் இன்னும் இருக்கின்றன.