கொங்கு மேடையில் சபைக்கூச்சம்

சபைக்கூச்சம் பாடகரைத் தொண்டையில்தான் பிடிக்கிறது. நாக்கு உலர்ந்துவிடும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும், மேல் ஸ்தாயியில் நிற்கவேண்டிய சுரம் நடுங்கி இறங்கிவிடும். பேச்சாளர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துச் சமாளிக்கலாம். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாடகருக்கு அந்த வசதி இல்லை. திருக்குறள் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது என்றாலும், அது கற்றோர் அவையில் பேசுபவரை எண்ணிச் சொன்னது. பாடுபவரின் அச்சத்தை ஆற்றும் வழிகள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அந்த வழிகள் பாடும் தொழிலின் வழக்கங்களுக்குள்ளேயே இருந்தன. கொங்கு நாட்டில் அவ்வழக்கங்களைத் தேடுபவர் முதலில் போகவேண்டிய இடம் உடுக்கைப் பாட்டு.

பொன்னர், சங்கர் என்ற இரு சகோதரர்களின் வரலாறான அண்ணன்மார் சுவாமி கதை, இப்பகுதியில் உடுக்கைப் பாட்டாகப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படுவது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து 1965-இல் இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992-இல் அதை நூலாக்கியது. இந்தக் கலையில் பாடகர் தனித்து நிற்பதில்லை. முதல் பாட்டுக்காரர் ஓரடி சொன்னால் பின்பாட்டுக்காரர் அதன் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்வார், நடுநடுவே “ஆமா” போடுவார். அந்த இடைவெளியில் அடுத்த அடி நினைவுக்கு வந்துவிடும். கைக்கு உடுக்கை இருப்பதால் நடுங்கும் கையை எங்கே வைப்பது என்ற தொல்லையும் இல்லை. காப்புப் பாடி, சொல்லிலோ பொருளிலோ குற்றம் இருந்தால் பொறுக்கும்படி சபையைக் கேட்டுக்கொண்ட பிறகே கதை தொடங்கும். தப்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. சகோதரர்கள் மடியும் படுகளம் பாடும் இரவில் கேட்பவர்களுக்கு அருள் வந்துவிட்டாலோ, கூட்டத்தின் கண் பாடகரை விட்டு அவர்கள் மேல் போய்விடும். அந்த நேரத்தில் பாடகரின் குரல் சற்றுப் பிசகினாலும் யாரும் கவனிப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான சோதனை இசைத்தட்டோடு வந்தது. கோயமுத்தூர் தாயி என்று புகழ்பெற்ற பழனிக்குஞ்சரம் (1872–1917) பதினொரு வயதில் நாட்டிய அரங்கேற்றம் கண்டவர். பின்னர் நாட்டியத்தை விட்டு வாய்ப்பாட்டுக்கு வந்து, சென்னையில் வாழ்ந்து, கிராமபோன் கம்பெனிக்காக ஏராளமாகப் பாடினார். அக்காலத்துப் பதிவறையில் ரசிகர் கிடையாது, மைக்கும் கிடையாது. ஒரு தகரக் குழலின் வாய்க்கு நேரே நின்று, மூன்று நிமிடச் சொச்சத்தில் பாட்டை முடித்தாக வேண்டும். நடுவில் தவறினால் மெழுகுத்தட்டு வீண், மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். தலையாட்ட ஆளில்லாத இடத்தில் பாடுவது கச்சேரி பழகியவர்களுக்குக் கூடுதல் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். தாயியின் தட்டுகளில் அந்தச் சங்கடத்தின் சாயல் இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் தெலாஜ் அவற்றைக் கேட்டு மயங்கி, ‘ராகமாலிகா’ என்ற பாட்டை அந்தக் குரலின் சாயலிலேயே அமைத்தார்.

சபைக்கூச்சத்தை முறையாகவே ஒழித்துக்கட்ட முயன்றவை நாடகக் கம்பெனிகள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் சபைகள் சிறுவர்களைக் கம்பெனி வீட்டிலேயே தங்கவைத்துப் பழக்கின. ஈரோடு, கரூர், கோவை ஆகியவை கம்பெனிகள் முகாம் போட்டு மாதக்கணக்கில் நாடகம் நடத்திய ஊர்கள். புதிதாகச் சேர்ந்த பையனை உடனே தனிப்பாட்டுக்கு விடுவதில்லை. திரை தூக்கியதும் எல்லோரும் சேர்ந்து பாடும் தோத்திரப் பாட்டில் ஒருவனாக நிற்பான். பிறகு தோழன் வேடம், சேவகன் வேடம் என்று ஒவ்வொரு படியாக ஏறுவான். பாட்டு தப்பினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். அந்தப் பிரம்புக்குப் பயந்த பிள்ளைகளுக்குச் சபை ஒரு பொருட்டாகத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. அதை நல்ல பயிற்சி என்று மெச்சத்தான் மனம் வருவதில்லை. பிரம்பால் தீராத பயம் ஒன்றும் இருந்தது. அது மகரக்கட்டு. நேற்றுவரை கைதட்டல் வாங்கிய குரல் ஒரு பருவத்தில் உடைந்துபோகும். பாலபார்ட்டு வேடமிட்ட பல சிறுவர்களின் பாட்டு வாழ்வு அத்தோடு முடிந்தது. என்றாலும், சுவாமிகளின் அந்தச் சபையில் வளர்ந்த டி. கே. எஸ். சகோதரர்கள் பின்னாளில் சொந்த சபை கண்டு, 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டும் அளவுக்கு உயர்ந்தார்கள்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் பழகிய சபை வேறு வகை. வறுமை காரணமாகச் சிறுமியாக ரயிலில் பாடினார். கரூர் வட்டாரத்தில் அந்தக் குரலைக் கேட்ட ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப். ஜி. நடேச ஐயர் அவரை வேலு நாயர் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ரயில் பெட்டியில் இருப்பவர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள் அல்ல. சக்கரச் சத்தத்தை மீறிக் குரல் எழவேண்டும், முகம் சுளிப்பவர் முன்னாலும் பாட்டு நிற்கக்கூடாது. இப்படிப் பழகிய சிறுமிக்கு, காசு கொடுத்துச் சீட்டு வாங்கி உட்கார்ந்த கூட்டம் எளிய சபையாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் ஸ்பெஷல் நாடகம் அவ்வளவு எளிது அல்ல. வெவ்வேறு ஊர் நடிகர்களை ஓர் இரவுக்கென்று வரவழைத்து, ஒத்திகையே இல்லாமல் மேடையேற்றுவார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டாலும் தர்க்கத்தாலும் மோதிக்கொள்வார்கள். எதிராளி என்ன பாடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. அந்த நிலையில் ஒரே துணை ஆர்மோனியக்காரர். சுருதியைப் பிடித்துக்கொடுப்பதும், அடி மறந்தவருக்கு எடுப்பை வாசித்து நினைவூட்டுவதும் அவர் பொறுப்பு. சுந்தராம்பாள் 1926-இல் இலங்கையில் சந்தித்த எஸ். ஜி. கிட்டப்பா இந்த ஆட்டத்தில் அன்று நிகரற்றவர். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்க உச்சக் கட்டையில் பாடிய இருவரும் ஒரே மேடையில் நின்றபோது போட்டியே விருந்தானது. 1927-இல் மணந்துகொண்டார்கள். 1933-இல் கிட்டப்பா இறந்ததும் சுந்தராம்பாள் வெள்ளுடை உடுத்தி மேடையை விட்டு ஒதுங்கினார். காங்கிரஸ் தலைவர்கள் வற்புறுத்தியே திரும்ப வந்தார். ஆடவரோடு ஜோடி சேர்வதில்லை என்ற உறுதியோடு, 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

மைக் வந்ததும் அச்சத்தின் உருவம் மாறியது. ஓங்கிப் பாடவேண்டிய கட்டாயம் இருந்தவரை அந்த ஓங்கலே நடுக்கத்தை மூடிமறைத்தது. மெல்லப் பாடலாம் என்றானபோது, மூச்சு வாங்குவதும் குரல் இடறுவதும் ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே கேட்டன. பாடகர் தனியாகவும் ஆனார். பின்பாட்டு குறைந்தது, ஆர்மோனியக்காரரின் இடத்துக்கு வாத்தியக் குழு வந்தது. உலகப் புகழ் பெற்றவர்களும் இந்த அச்சத்துக்குத் தப்பவில்லை. அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், 1967-இல் நியூயார்க் பூங்காக் கச்சேரியில் பாட்டு வரிகளை மறந்துபோனதற்குப் பிறகு, கட்டணக் கச்சேரிகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் தவிர்த்தார்.

கொங்கில் இன்று மிகுதியான பேரைப் பாடவைப்பது வள்ளிக் கும்மி. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த எம். பத்ரப்பன், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவித்தவர். 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆசிரியர் அடியெடுத்துப் பாட, வட்டத்தில் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆடுபவர்கள் பார்ப்பது ஒருவரையொருவர். கூட்டம் முதுகுப் பக்கம் நிற்கிறது. காலடி தப்பாமல் இருக்கவேண்டும் என்ற கவனத்தில் குரலைப் பற்றிய கவலை தானே பின்னுக்குப் போய்விடுகிறது. மாலை வேளைகளில் ஊர்ப் பொது இடத்தில் பயிற்சி நடக்கும். அரங்கேற்றம் கோயில் திடலில். அன்றைக்கு ஊரே அரங்கேறுகிறது, தனித்துப் பாடுபவர் ஆசிரியர் ஒருவர்தான்.