தொக்கணம், எண்ணெய்த் தேய்ப்பு, மசாஜ்: செல்லும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

உடல்வலி, தசை இறுக்கம், களைப்பு ஆகியவற்றுக்காகக் கைகளால் நீவியும் அழுத்தியும் பிசைந்தும் அளிக்கப்படும் சிகிச்சை பொதுவாக மசாஜ் எனப்படுகிறது. இது சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றும் ஆயுர்வேதத்தில் அப்யங்கம் என்றும் வழங்கப்படுகிறது. புதுச்சேரி நகரில் சித்த, ஆயுர்வேத சிகிச்சை நிலையங்கள் முதல் சுற்றுலா விடுதிகள் வரை பல இடங்களில் இது கிடைக்கிறது. பெரும்பாலானோருக்கு இது பாதுகாப்பானதே. எனினும் சில நோய்நிலைகளில் இதே சிகிச்சை உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். காலில் உள்ள இரத்தக் கட்டியையோ நீங்கள் உட்கொள்ளும் மாத்திரையையோ சிகிச்சையாளரின் கைகள் அறிய இயலாது. அவற்றை நீங்களே கூற வேண்டும்.

வகைகள்

தொக்கணம் என்பது சித்த மருத்துவம் கூறும் 32 புற மருத்துவ முறைகளுள் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். உளுந்து தைலம், சிவப்புக் குக்கில் தைலம் போன்றவை நோய்க்கேற்பப் பயன்படுத்தப்படுகின்றன.

விடுதிகளில் பெரும்பாலும் அளிக்கப்படுவது ஸ்வீடிஷ் மசாஜ். அதன் அசைவுகள் இன்றும் பிரெஞ்சுப் பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றன. எஃப்லுராஜ் என்றால் நீவுதல். பெத்ரிஸாஜ் என்றால் பிசைதல். தபோத்மான் என்றால் தட்டுதல். விலைப்பட்டியலில் இச்சொற்களைக் கண்டால் தயங்காமல் விளக்கம் கேளுங்கள்.

பயன்களும் வரம்புகளும்

இடுப்பு, தோள், கழுத்து ஆகியவற்றின் தசைவலி குறுகிய காலத்திற்குத் தணியலாம். மனப் பதற்றம் குறைந்து நல்ல உறக்கம் வரலாம். வலை இழுத்தோ, தறியில் அமர்ந்தோ, கணினி முன் குனிந்தோ வேலை செய்வோருக்கு இந்த ஆறுதல் மதிப்புடையது. ஆனால் வலியின் காரணம் தொடருமாயின் வலியும் திரும்பும். உடற்பயிற்சியும் அமரும் முறையில் மாற்றமும் உடன் தேவை. மசாஜ் நீரிழிவு நோயையோ இரத்த அழுத்தத்தையோ குணப்படுத்தாது. அதை நம்பி மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.

செல்லும் முன் கேட்க வேண்டியவை

• நோய்க்கான சிகிச்சை என்றால், பதிவு பெற்ற மருத்துவர் உங்களைப் பரிசோதித்த பின்னரே தொடங்க வேண்டும். மருத்துவரின் பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேட்பது உங்கள் உரிமை.
• எந்த எண்ணெய், எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம் என்பதை முன்னரே அறிந்துகொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு எண்ணெய் தடவிப் பாருங்கள்.
• உணவு உண்டு ஓரிரு மணி நேரம் கழித்துச் செல்லுங்கள். மது அருந்திய நிலையில் செல்லாதீர்கள்.

மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் இயங்கும் மண்டல ஆராய்ச்சி நிலையம் புதுச்சேரி குயவர்பாளையத்தில் உள்ளது. சித்த மருத்துவ ஆலோசனை வேண்டுவோர் அங்கு விசாரிக்கலாம்.

முதலில் மருத்துவரை அணுக வேண்டியவர்கள்

ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால்: கெண்டைக்காலில் வலி, வீக்கம், வெப்பம் ஆகியவை இருந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அறுவைச் சிகிச்சை, பிரசவம், நீண்ட படுக்கை, நெடுந்தொலைவுப் பயணம் ஆகியவற்றுக்குப் பின் இதற்கான வாய்ப்பு அதிகம். அக்காலைப் பிசைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். இதைச் சாதாரணத் தசைப்பிடிப்பு எனக் கருதி வீட்டிலும் எண்ணெய் தேய்க்காதீர்கள்.

நீரிழிவால் பாதம் மரத்திருந்தால்: சூடான எண்ணெயோ ஒத்தடமோ சுடுவது தெரியாமல் தீப்புண் ஏற்படலாம். சூட்டை உணர்ச்சியுள்ள இடத்தில் முதலில் சோதிக்குமாறு கூறுங்கள். பாதத்தில் ஒத்தடத்தைத் தவிருங்கள்.

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொண்டால்: வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு ஆழ்ந்த அழுத்தத்தால் உள்ளே இரத்தக் கசிவு ஏற்படலாம்.

விழுந்து அடிபட்டிருந்தால்: எலும்பு முறிவு இல்லை என எக்ஸ்ரே மூலம் உறுதிசெய்யும் வரை அந்த இடத்தை நீவவோ இழுக்கவோ கூடாது. எலும்புத் தேய்வு உள்ள முதியோரிடம் வலுவான அழுத்தம் புதிய முறிவை உண்டாக்கலாம்.

காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண் உள்ளவர்கள் குணமாகும் வரை தள்ளிப்போடுங்கள். கருவுற்றவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்களும் தமது மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள்.

சிகிச்சையின்போது

முதலில் உங்கள் நோய்கள், மருந்துகள், முந்தைய அறுவைச் சிகிச்சைகள் ஆகியவை கேட்கப்பட வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்களே கூறுங்கள். அதன்பின் உடை மாற்றத் தனிமை அளிக்கப்படும். எந்த அளவுக்கு உடையைத் தளர்த்துவது என்பதை முடிவு செய்பவர் நீங்களே. சிகிச்சை நடைபெறும் பகுதி தவிர ஏனைய பகுதிகள் துணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பாலினத்தைச் சேர்ந்த சிகிச்சையாளரைக் கேட்கலாம். துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் மெல்லிய நீவலும் பின்னர் அழுத்தமும் இருக்கும். இறுகிய தசையில் தாங்கக்கூடிய வலி இயல்பு. குத்தும் வலி, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகியவை இயல்பல்ல. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். "வலித்தால்தான் பலன்" என்பது உண்மையன்று. நீங்கள் ஒப்புக்கொள்ளாத தொடுதல் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காரணம் கூறாமலேயே எழுந்து செல்லலாம். தேவையெனில் 112 எண்ணை அழைக்கலாம்.

கழுத்தில் சொடக்கு எடுத்தல்

முடிதிருத்தும் கடைகளில் தலையை மசாஜ் செய்து, இறுதியில் கழுத்தைச் சட்டெனத் திருப்பிச் சொடக்கு எடுக்கும் வழக்கம் உண்டு. அரிதாக, இதனால் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படலாம். நரம்புகளும் பாதிக்கப்படலாம். நாற்காலியில் அமரும்போதே "கழுத்துச் சொடக்கு வேண்டாம்" என்று கூறிவிடுங்கள். அதனால் தலை மசாஜின் சுகம் குறையாது.

சிகிச்சைக்குப் பின்

மேசையிலிருந்து உடனே எழாமல் சிறிது நேரம் அமர்ந்திருந்து பின் எழுங்கள். இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். உள்ளங்காலில் உள்ள எண்ணெயைத் துடைத்த பின்னரே நடவுங்கள், குறிப்பாக முதியோர். லேசான உடல்வலி ஓரிரு நாட்கள் இருக்கலாம். தாகத்திற்குத் தண்ணீர் அருந்துங்கள். மசாஜால் உடலின் நச்சுகள் வெளியேறும் என்பதற்குச் சான்று இல்லை. அப்பணியைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்கின்றன.

தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

பின்வருவனவற்றுள் எது தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்:

• திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி
• முகம் ஒருபக்கம் கோணுதல், கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல்
• இதுவரை இல்லாத கடுமையான கழுத்துவலி அல்லது தலைவலி
• இடுப்பு வலியுடன் சிறுநீர், மலம் கட்டுப்படாமை அல்லது கால்கள் வலுவிழத்தல்

மசாஜ் செய்துகொண்ட விவரத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எந்த இடத்தில், எப்போது, எவ்வாறு செய்யப்பட்டது என்னும் தகவல் நோயை விரைவில் கண்டறிய உதவும்.