இரண்டாவது சர்க்கரை

ரேஷன் கடை வரிசையில் நின்ற காலத்தில், சர்க்கரை தீர்ந்தால் எங்கள் வீட்டுக் காப்பி வெல்லத்துக்கு மாறும். ஆனால் உடனே மாறாது. என் மனைவி சற்று நேரம் வெறும் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகுதான் வெல்லம் தட்டப் போவாள். "நின்றால் சர்க்கரை முளைக்குமா?" என்று நான் கேலி செய்வேன். ழாக் மொனோவின் கதையைப் படித்த பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டேன்.

1940 ஜூன் 14-ந் தேதி ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டே ரொட்டிக்கும் ரேஷன் அட்டை வந்தது. ஊரே அரை வயிற்றோடு இருந்தபோது, ஸார்பான் சர்வகலாசாலையில் மொனோ என்ற முப்பது வயது இளைஞர் பாக்டீரியாக்களுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரே குடுவையில் இரண்டு சர்க்கரை: க்ளூகோஸ் கொஞ்சம், வேறொன்று கொஞ்சம். பாக்டீரியா பெருகப் பெருகத் திரவம் கலங்கும். அந்தக் கலங்கலை அளந்து கோடு வரைந்தார். கோடு ஏறிற்று, படுத்தது, சிறிது நேரம் கழித்து மறுபடி ஏறிற்று.

முதலில் க்ளூகோஸை மட்டும் தின்றன. அது தீர்ந்ததும் நின்றுவிட்டன. பக்கத்திலேயே இன்னொரு சர்க்கரை இருக்க, ஏன் பட்டினி?

டிசம்பரில், பாஸ்டர் நிலையத்து ஆந்த்ரே லுவாஃபிடம் கோட்டைக் காட்டினார். புதிய என்ஸைம் தயாராவதால் இருக்கலாம் என்றார் அவர். அதாவது, இரண்டாவது சர்க்கரையை உடைக்கும் கருவி கைவசம் இல்லை. செய்துகொள்ள அவகாசம் வேண்டும். சும்மா நிற்பதாகத் தோன்றிய வேளையில் உள்ளே பட்டறை நடந்துகொண்டிருந்தது!

1941-ல் மொனோ டாக்டர் பட்டம் பெற்றார்; ஸார்பானில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவரோ நாஜிகளை எதிர்த்த ரகசியப் படையில் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நின்ற ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புக்குள் ரகசியக் காகிதங்களை ஒளித்துவைத்தாராம்.

யுத்தம் முடிந்த பிறகும் அந்தக் கோடு அவரை விடவில்லை. 1961-ல் அவரும் பிரான்ஸ்வா ழாக்கோபும் விடை சொன்னார்கள்: பால் சர்க்கரையை உடைக்கும் கருவிக்கான செய்முறை பாக்டீரியாவின் பரம்பரை ஏட்டில் முன்பே இருக்கிறது; ஏடுதான் பூட்டியிருக்கிறது. பால் சர்க்கரை வந்தால் பூட்டு திறக்கும். ஆனாலும் க்ளூகோஸ் உள்ளவரை அந்த ஏட்டை அநேகமாகப் புரட்டுவதில்லை. 1965-ல் லுவாஃபுடன் சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது என் மனைவி வெறும் ஜாடி முன் நின்றால் நான் அவசரப்படுத்துவதில்லை. காப்பி வரும்.