மாலைக்கண்: மதுரைச் சீமையின் ஒரு மருத்துவ வரலாறு

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் கொட்டாம்பட்டி வரும். மழையையும் கண்மாய்களையும் நம்பி வாழும் ஊர்கள் சூழ்ந்த ஒன்றியம் அது. அரசியல் வரலாற்றிலோ இலக்கிய வரலாற்றிலோ பெரிதாகப் பேசப்படாத இப்பகுதிக்குத் தமிழகத்தின் மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழக அரசு 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலில் செயலுக்கு வந்தது கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். அத்திட்டம் தனக்கு வகுத்துக்கொண்ட குறிக்கோள்களுள் ஒன்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே வைட்டமின் 'ஏ' குறைபாட்டைச் சுமார் 27 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைப்பது. நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் இக்குறைபாட்டோடு வளர்ந்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

இந்நோய் நம் முன்னோர் அறியாததன்று. அந்தி சாய்ந்ததும் பார்வை மங்குவதை மாலைக்கண் என்று தமிழ் பெயரிட்டழைத்தது. அரபு மருத்துவர்கள் இதனை 'அஷா' என்றனர். பாரசீகத்தில் 'ஷப்கோரி' என்று பெயர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, கண் மருத்துவர்களின் கையேடாக எழுதிய 'தத்கிரதுல் கஹ்ஹாலீன்' என்னும் நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்நோய்களை வகைப்படுத்தினார். அக்கால மருத்துவர்கள் மாலைக்கண்ணுக்கு ஆட்டீரலைப் பரிந்துரைத்தனர். ஈரலைச் சுட்டு, அதிலிருந்து கசியும் நீரைக் கண்ணில் இடுவதும் ஈரலையே உண்பதும் அம்மருத்துவம். பண்டைய எகிப்தியரும் கிரேக்கரும் இதனையே கூறினர். இந்திய மருத்துவ மரபும் ஈரலை அறிந்திருந்தது. கண்ணிலிட்ட நீரைவிட வயிற்றுக்குள் சென்ற ஈரலே வேலை செய்தது என்பதை இன்று நாம் அறிவோம். உடல் தனக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ'யைச் சேமித்துவைக்கும் இடம் ஈரல். காரணம் தெரியாமலேயே மருந்தைக் கண்டடைந்திருந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி ஆட்டின் ஈரலை முதலில் சமைத்து வீட்டிலுள்ளோர் அனைவரும் பகிர்ந்துண்ணும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் உண்டு. அன்று அது குழந்தைகளின் தட்டுக்கும் போகிறதா என்று பார்ப்பது நல்லது.

அப்படியாயின் ஆயிரமாண்டுக் காலமாக மருந்து தெரிந்திருந்தும் நோய் ஏன் மறையவில்லை? ஈரல் ஏழையின் அன்றாட உணவன்று என்பது வெளிப்படையான விடை. ஆனால் முருங்கைக் கீரைக்கு விலையில்லை. கொல்லைக்குக் கொல்லை மரம் நிற்கிறது. அதன் இலையில் இருக்கும் கரோட்டீன் உடலுக்குள் வைட்டமின் 'ஏ'யாக மாறுகிறது. இங்கேதான் விடை சிக்கலாகிறது. கரோட்டீனை உடல் உட்கொள்ள உணவில் சிறிதளவேனும் எண்ணெய் வேண்டும். கஞ்சியும் ஊறுகாயுமாக வளரும் குழந்தையின் உணவில் எண்ணெய் அரிது. குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் உள்ளே போன சிறிதளவையும் வீணாக்குகின்றன. கீரை குழந்தைக்குச் செரிக்காது என்ற நம்பிக்கையால் தாயே அதனை ஒதுக்கிவிடுவதும் உண்டு. இவற்றுக்கு மேலாக மணல்வாரி அம்மை வந்துவிட்டால், அந்நோய் உடலின் இருப்பை வேகமாகக் கரைத்துவிடுகிறது. வீட்டிலோ அம்மைக்குப் பத்தியமென்று உணவைச் சுருக்குகிறார்கள். பத்தியம் முடியுமுன்பே கருவிழி குழைந்துபோன குழந்தைகளை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்நோயின் படிகளை அறிந்துகொள்வது அவசியம். முதலில் அந்தியில் பார்வை மங்கும். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை பொழுது சாய்ந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிடும். பின்னர் வெண்விழி பளபளப்பிழந்து வறளும். அதன்மேல் நுரைபோன்ற சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். இதுவரை எல்லாம் மீளக்கூடியவை. வைட்டமின் 'ஏ' உள்ளே சென்ற ஓரிரு நாட்களிலேயே மாலைக்கண் நீங்கத் தொடங்கும். வறட்சி சில நாட்களிலிருந்து இரு வாரங்களுக்குள் தணியும். புள்ளிகள் மட்டும் சில குழந்தைகளிடம் நெடுநாள் நிற்கும். ஆனால் கருவிழியில் புண் விழுந்து அது உருகிவிட்டால் சில மணி நேரத்தில்கூடப் பார்வை போய்விடலாம். போன பார்வையை எந்த ஈரலும் மீட்டுத்தராது.

1913-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்த சோதனைகளில் இந்தக் கொழுப்பில் கரையும் சத்து அடையாளம் காணப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் டென்மார்க் தன் வெண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு ஏழைக் குழந்தைகளுக்குச் செயற்கை வெண்ணெயைக் கொடுத்தபோது அங்கும் குழந்தைகளின் கண்கள் வறண்டன. செல்வமுள்ள நாட்டிலும் இந்நோய் வரும் என்பதை அது காட்டியது. சென்னை மாகாணத்தில் குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வகத்துக்குத் தலைமையேற்றிருந்த அய்க்ராய்டும், சென்னை அரசு கண் மருத்துவமனையின் ரைட்டும் சேர்ந்து, கருவிழி உருகும் நோய்க்குச் சிவப்புப் பனையெண்ணெயைக் கொடுத்துப் பார்த்து 1937-இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்தச் சிவப்பு நிறமே கரோட்டீன். இன்று நம் நியாயவிலைக் கடைகளில் தரப்படும் பாமாயிலில் அந்நிறம் சுத்திகரிப்பில் நீக்கப்பட்டுவிடுகிறது. பின்னர் வெளியிலிருந்து வைட்டமின் சேர்க்கப்படுகிறது. இயற்கை இட்டதை எடுத்துவிட்டுச் செயற்கையில் திருப்பி இடும் இந்த ஏற்பாட்டை என்னவென்பது!

மதுரைக்கு வருவோம். எட்டயபுரத்துக்கு அருகில் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை மருத்துவரானவர். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்தார். அவர் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலகறியும். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 1971-இல், அன்று எர்ஸ்கின் மருத்துவமனை என்றழைக்கப்பட்ட இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையில் அவர் முன்னின்று நடத்திய குழந்தைகள் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தை அறிந்தவர் சிலரே. பார்வையற்றோருக்கான காமன்வெல்த் சங்கம் அதற்குத் துணைநின்றது.

அம்மையம் எழுந்ததற்குக் காரணம் ஓர் எளிய அனுபவம். கண் வறண்ட குழந்தையை மருத்துவமனையில் சேர்த்து மருந்து கொடுத்தால் குணமாகிவிடுகிறது. தாய் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். சில மாதங்களில் அதே குழந்தை அதே நோயோடு திரும்புகிறது. அல்லது அதன் தம்பி வருகிறான். குணமான குழந்தை திரும்பிச் சென்றது பழைய அடுப்படிக்குத்தான். ஆகவே மதுரை மையத்தில் தாயும் குழந்தையோடு தங்கினாள். கீரை, பருப்பு, தானியம் என்று உள்ளூரில் மலிவாகக் கிடைப்பவற்றைக் கொண்டே அங்கு உணவு சமைக்கப்பட்டது. சமையலில் தாய்மாரும் பங்குகொண்டனர். கீரை உண்ட குழந்தைக்கு வயிறு கெடவில்லை, கண் தெளிகிறது என்பதை அவர்கள் நாள்தோறும் தம் கண்ணாலேயே கண்டார்கள். எத்தனை சொற்பொழிவு செய்தாலும் இது வராது.

இதில் இங்கிலாந்துப் பெண்மணி ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. ஆக்ஸ்போர்டில் கண்ணின் உயிர்வேதியியலை ஆராய்ந்துவந்த அந்துவானெத் பிரீ, தம் ஓய்வுக் காலத்தை இக்குழந்தைகளுக்கு அளித்தார். மதுரை மையத்தோடு இணைந்து கீரைத் தோட்டங்களை ஊக்குவித்தார். 1972-இல் உலகெங்கும் இந்நோயோடு போராடுவோரை இணைக்கும் ஒரு சிறு சங்கத்தைத் தொடங்கிச் செய்தி மடலும் நடத்தினார். மையத்தின் அனுபவம் 1976-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. உயர்ந்த ஆய்வுக்கூடத்தில் பழகியவர் முருங்கைக்கும் அகத்திக்கும் வந்துசேர்ந்தது நமக்கு வியப்பளிப்பதாகும்.

மையத்துக்கு வந்தோர் சிலர், வராதோர் பல்லாயிரவர். மருத்துவமனை ஊருக்குச் செல்ல வேண்டும் என்ற நிலையில்தான் 1980-இல் கொட்டாம்பட்டி வருகிறது. அத்திட்டத்தின் அமைப்பு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடை போடப்பட்டனர். குழந்தை எவ்வளவு எடை என்பதைவிட, சென்ற மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதே பார்க்கப்பட்டது. எடை ஏறாத குழந்தைக்கு 90 நாட்களுக்கு மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை தரப்பட்டது, தேறியதும் நிறுத்தப்பட்டது. ஆறு மாதத்துக்கொரு முறை வைட்டமின் 'ஏ' கரைசலும், குடற்புழு மருந்தும் இதோடு சேர்ந்தன. பணியாளர்களைத் தேர்ந்தெடுத்த முறை நம்மைக் கவர்கிறது. அதே ஊரைச் சேர்ந்தவராய், ஏழையாயிருந்தும் தம் பிள்ளைகளை நன்கு வளர்த்திருக்கும் தாய்மாருக்கு முன்னுரிமை தரப்பட்டது. 'உன்னிடம் இருப்பதைக் கொண்டே இது முடியும்' என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லும்போது மறுக்க இயலாதல்லவா? திட்டம் பின்னர் பல மாவட்டங்களுக்கும் விரிந்து 1997 வரை இரு கட்டங்களாக நடந்தது. முதற்கட்டத்தில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்ததென மதிப்பீடுகள் கூறின. இடையே 1982-இல் சத்துணவுத் திட்டமும் வந்துசேர்ந்தது.

இக்காலத்தில் நோயைப் பற்றிய அறிவே புரண்டது. இந்தோனேசியாவில் ஆய்வு செய்த ஆல்பிரட் சம்மர், மாலைக்கண் மட்டுமே கொண்ட, பிறவகையில் நலமாகத் தோன்றிய குழந்தைகள்கூடப் பிற குழந்தைகளைவிட மிகுதியாக இறப்பதை 1983-இல் வெளியிட்டார். 1986-இல் வெளியான ஆய்வில், அச்சேயின் 450 கிராமங்களில் பாதியில் மட்டும் மருந்து கொடுத்தபோது இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உலகம் எளிதில் நம்பவில்லை. நம்பவைத்த ஆய்வுகளுள் ஒன்று மதுரையிலிருந்து புறப்பட்டது. டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாஹ் தலைமையில், திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு நடந்த அவ்வாய்வு 1990-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்கொரு பேரளவுக்குப் பதிலாக, வாரந்தோறும் 8,333 அலகு என்னும் சிற்றளவு. உணவிலிருந்து ஒரு வாரத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய அளவை ஒத்தது அது. இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. கண்ணைக் காக்கப் புறப்பட்டவர்கள் உயிரைக் காத்திருந்தார்கள்.

எனினும் வரலாற்றை நேர்மையாக எழுதுவோர் மறுபக்கத்தை மறைக்கலாகாது. அதே 1990-இல் ஐதராபாத் பகுதியில் ஆறு மாதத்துக்கொருமுறை பேரளவு கொடுத்த ஆய்வில் இறப்பு குறையவில்லை. 2001 நவம்பரில் அஸ்ஸாமில் நடந்த முகாமுக்குப்பின் குழந்தைகள் இறந்ததாக எழுந்த புகார் நீதிமன்றம்வரை சென்றது. உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான ஆய்வும் பெரும் பயனைக் காட்டவில்லை. ஊட்டச்சத்து அறிஞர் கோபாலன், மருந்துக் கரண்டி அடுப்படியின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாதென்று தொடர்ந்து வாதிட்டார். தட்டம்மைத் தடுப்பூசி பரவி, உணவும் மேம்பட்ட பின்பு பழைய அளவில் பயன் தெரியாதது இயல்பே என்பது நம் கருத்து. முதலில் கிடைத்த பயன் பொய்யென்று அதனால் ஆகாது. நோய் முற்றிலும் போய்விடவுமில்லை. 2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், நாட்டில் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளில் 18 விழுக்காட்டினரிடம் இக்குறைபாடு காணப்பட்டது.

மதுரைக் குழுவினர் மேலும் ஒரு படி பின்னோக்கிச் சென்றனர். தமிழகத்தின் இரு ஊரக மாவட்டங்களில் 11,619 பச்சிளங்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்குப் பிறந்த முதலிரு நாட்களில் 24,000 அலகு வீதம் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் நிகழும் இறப்பு 22 விழுக்காடு குறைந்ததாக 2003-இல் அறிவித்தார்கள். பின்னர் கானா, தான்சானியா, ஹரியானா ஆகிய இடங்களில் நடந்த பெரிய ஆய்வுகள் இதனை முழுமையாக உறுதிசெய்யவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பச்சிளங்குழந்தைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தவர்கள், தாய்மாரிடமே குறைபாடு மிகுந்த இடங்களில் பயன் தெரிகிறது, அல்லாத இடங்களில் தெரியவில்லை என்கின்றனர். சீம்பாலில் வைட்டமின் 'ஏ' செறிந்திருக்கிறது. ஆனால் தாயிடம் இருந்தால்தானே பாலில் வரும்? நம் பகுதிகளில் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டு, சேனைத் தண்ணீர் வைத்துத் தொடங்கும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. கருவுற்றவள் கடைசி மாதங்களில் அந்தி நேரத்தில் வாசற்படி தெரியாமல் தடுமாறுவது தெற்காசிய ஊர்கள் பலவற்றில் பிள்ளைப்பேற்றோடு வருவதாகவும் பேறானால் போய்விடுவதாகவும் கருதப்பட்டு, மருத்துவரிடம் சொல்லப்படாமலேயே விடப்பட்டது.