கட்டளைச் செபமும் மறவர் சீமையும்

கிறிஸ்தவ மரபில் செபம் என்பது பெரும்பாலும் வேண்டுதலாகவே அறியப்படுகிறது எனினும், வேறொரு வகைச் செபமும் தொடக்க காலம் முதலே அதனுடன் இருந்துவந்துள்ளது. அது நோயையும் தீய ஆவியையும் நேரே விளித்து, விலகிப் போகுமாறு ஏவுவதாகும். இயேசு தம் பன்னிரு சீடர்க்கும் தீய ஆவிகளின்மீது அதிகாரம் அளித்து அனுப்பினார் என்று மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் கூறுவதே இதற்கு அடிப்படை. இந்த அதிகாரம் இரவலானது என்பதே இறையியலார் ஒருமுகமாக வற்புறுத்தும் கருத்து: அரசனின் ஆணையை ஊருக்குக் கொண்டுவரும் அலுவலனைப்போல, செபிக்கிறவர் தம்மை அனுப்பியவரின் பெயரால் மட்டுமே ஏவ முடியும். அனுப்பப்படாமலேயே அப்பெயரைக் கையாண்ட ஸ்கேவாவின் ஏழு மகன்கள், பேய் பிடித்த ஒருவனிடம் அடிபட்டு ஓடிய கதையைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. யாருடைய பெயரால் ஏவுவது, அதற்கு யாருக்கு உரிமை என்னும் இக்கேள்வி இராமநாதபுரம் கடற்கரையில் இறையியல் வாதத்தோடு நிற்காமல், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசியல் வழக்காகவே மாறியது.

இக்கரையில் அந்தச் செபத்தை முதலில் பரப்பியவர்கள் சிறுவர்கள். 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தம்மை அழைத்த நோயாளிகளின் வீடுகளுக்கெல்லாம் தாமே செல்ல இயலாத நிலையில், மறைக்கல்வி கற்ற பிள்ளைகளைத் தம் செபமாலையுடன் அனுப்பி, நோயாளியைச் சூழ்ந்து நின்று விசுவாச அறிக்கையையும் செபங்களையும் சொல்லுமாறு ஏற்பாடு செய்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரிக்கிறார். குருத்துவம் பெறாத, வயதும் வராத பிள்ளைகளின் வாயால் ஓதப்பட்ட செபத்திற்கு அவர் கொடுத்தனுப்பிய மாலையே அனுப்புச் சீட்டாக இருந்தது. பரதவர் குடியிருப்புகள் நெடுந்தொலைவு சிதறிக் கிடக்க, குருக்கள் ஓரிருவரே இருந்தனர் என்பதால் தோன்றிய தற்காலிக ஏற்பாடாகவே இது இருந்திருக்க வேண்டும். ஆனால் பின்வந்த இரண்டு நூற்றாண்டுகளின் வழக்கத்திற்கு இதுவே அச்சாக அமைந்துவிட்டது. மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் 1549-இல் வடுகர் படையால் கொல்லப்பட்ட அந்தோனியோ கிரிமினாலி, இயேசு சபையின் முதல் இரத்தசாட்சியாகக் கருதப்படுபவர். ஆயினும் அந்த மோதல் அங்கிருந்த போர்த்துக்கீசியரின் நடவடிக்கைகளால் மூண்டதேயன்றிச் செபத்தால் மூண்டதன்று.

செபத்தால் மூண்டது ஓரியூரில் முடிந்த வழக்கு. 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிறந்து, 1673-இல் கோவாவுக்கு வந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் பண்டாரசாமிக் கோலத்தில் உழைத்த ஜான் தெ பிரிட்டோ, தமிழில் அருளானந்தர் என்று அறியப்படுகிறார். பண்டாரசாமி என்பது, எல்லாச் சாதியினருடனும் பழகக்கூடிய சைவத் துறவியரின் தோற்றத்தை ஏற்றுக்கொண்ட இயேசு சபைக் குருக்களுக்கு வழங்கிய பெயர். அவர்களுக்கும் ஊர் மக்களுக்கும் நடுவே நின்றவர்கள் உபதேசியார்கள். வேதியர் என்றும் அழைக்கப்பட்ட இந்த இல்லறத்தார், ஞானஸ்நானத்திற்கு ஆயத்தம் செய்வது, இறந்தோரை அடக்குவது, நோயாளியின் தலைமாட்டில் நின்று செபிப்பது ஆகிய பணிகளை ஆற்றினர். உரோமைத் திருச்சபை 1614-இல் வெளியிட்ட சடங்கு நூல், பேயோட்டுதலைக் குருவின் கையில் கடும் நிபந்தனைகளுடன் வைத்திருந்தது. நோயாளியைச் சந்திக்கும்போது அவர்மீது நற்செய்திப் பகுதிகளை வாசிக்கும் முறையையும் அதே நூல் தந்தது. சேதுபதிகள் ஆண்ட மறவர் சீமையில் இந்த இரண்டாவது முறையே உபதேசியார் வழியாக ஊர் ஊராகச் சென்றது. மதுரைத் தளத்தின் ஆண்டு மடல்களில் பேய் நீங்கிய செய்திகள் ஓயாமல் வருகின்றன. அவற்றை எழுதியவர்களுக்கு ஐரோப்பிய வாசகர்களை ஈர்க்கும் நோக்கமும் இருந்தது என்பதை மறந்துவிடாமல் படித்தாலும், நோயாளியின் வீட்டு வாசலே புதிய சமயம் நுழைந்த முதன்மை வாயில் என்பது தெளிவாகிறது.

1686-இல் அருளானந்தரும் அவருடைய உபதேசியார்களும் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடும் சித்திரவதைக்கு ஆளாயினர். பின்னர் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி அவரை நேரில் விசாரித்து, இனித் தம் நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விடுவித்தார். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றி அங்கே கோட்டை எழுப்பிய மன்னர் இவர். சேதுவின் காவலர் என்ற பட்டமே இந்த மரபின் அரசுரிமைக்கு அடித்தளம். இராமேசுவரத்தையும் அதற்குச் செல்லும் யாத்திரை வழியையும் காப்பவர் என்ற தகுதியால் ஆள்பவரின் கண்ணுக்கு, வேறொரு தெய்வத்தின் பெயரால் ஏவும் அதிகாரம் வெறும் பக்தியாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. எனினும் 1686-இல் அவர் பொறுமையே காட்டினார் என்பதைக் குறிப்பிட வேண்டும். பிற்காலப் புனித வரலாறுகள் அவரை வெறும் கொடுங்கோலராகத் தீட்டுவது நியாயமன்று.

ஐரோப்பாவுக்குச் சென்று 1690-இல் திரும்பிய அருளானந்தர் மீண்டும் அதே நாட்டிற்குள் நுழைந்தார். அங்கே மறவர் தலைவருள் ஒருவரும், முன்னர் ஆண்ட கிளையின் வழிவந்தவரென்று சொல்லப்பட்டவருமான தடியத்தேவர், மருத்துவரும் கோயில் நேர்த்திக்கடன்களும் கைவிட்ட நோயில் கிடந்து, குருவை வருமாறு அழைத்தனுப்பினார். அருளானந்தர் உடனே போகாமல் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நற்செய்தியை நோயாளியின்மீது ஓதிச் செபித்ததும் தடியத்தேவர் நலமடைந்தார் என்று, அன்றைய தளத் தலைவர் பிரான்சிஸ் லைனஸ் கொலை நடந்த சில நாள்களுக்குள் எழுதிய கடிதம் கூறுகிறது. நோய் எதனால் நீங்கியது என்று இன்று ஆராய்வதில் பயனில்லை. நீங்கியது என்று இரு தரப்பும் நம்பியதே பின்விளைவுகளுக்குக் காரணம். நலமடைந்தவர் ஞானஸ்நானம் கேட்டபோது, அவருடைய ஐந்து மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அவர் இசைந்து 1693 சனவரி 6 அன்று திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவருள் இளையவரான கடலாயி சேதுபதியின் உடன்பிறந்தார் மகள்.

இங்குதான் மூன்று அதிகாரங்கள் ஒன்றோடொன்று முட்டின. நோயை ஏவி விலக்கிய செபம், மணவுறவுகளை முறிக்கும் கட்டளையாகவும் நீண்டது. அம்மணம் ஆளும் கிளையையும் போட்டிக் கிளையையும் பிணைத்திருந்த அரசியல் முடிச்சு. அது அவிழ்ந்தபோது போட்டிக் கிளையின் தலைவர், தமக்குப் பின்னால் பெருந்திரளானோர் திரண்டிருக்கும் புதிய சமயத்தில் நின்றார். கடலாயியின் முறையீட்டை அரண்மனை செவிமடுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. சனவரி 8 அன்று அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்தில் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் மந்திரவாதமும் ஒன்று. அவருடைய ஆற்றலை அவர்மீதே திருப்பும் எண்ணத்துடன் பத்திரகாளி பூசை நடத்தப்பட்டதாக லைனஸின் கடிதம் குறிப்பிடுகிறது. இச்செய்தி உண்மையெனில் அது மிகவும் கவனத்திற்குரியது: அரண்மனை கிறிஸ்தவச் செபத்தைப் பொய்யென்று தள்ளவில்லை, அதை எதிர்த்து வெல்ல வேண்டிய ஆற்றலாக ஏற்றுக்கொண்டு அதற்கு நிகரான சடங்கால் மோதியது. பூசை பலிக்காதபோது அவர் மேலும் வலிய மந்திரவாதி என்ற முடிவே எஞ்சியது.

தலைநகரில் கொன்றால் தடியத்தேவரின் ஆள்கள் கிளர்ந்தெழக்கூடும் என்று அஞ்சிய சேதுபதி, அவரை வடக்கு எல்லையில் பாம்பாற்றங்கரையிலுள்ள ஓரியூருக்கு, அப்பகுதியை ஆண்ட தம் தம்பி உடையத்தேவரிடம் அனுப்பினார். உடையத்தேவர் நெடுநாளாகக் கைகால் முடங்கிப் பார்வையும் குன்றியிருந்தவர். கைதியாக வந்தவரிடமே அவர் நலம் கேட்டார் என்றும், அதைத் தருவது தம் கையில் இல்லை, கடவுளின் கையில் இருக்கிறது என்று அருளானந்தர் மறுமொழி சொன்னார் என்றும் கடிதம் தெரிவிக்கிறது. இரவல் அதிகாரம் என்ற கோட்பாடு அதன் முழு விலையோடு சோதிக்கப்பட்ட தருணம் இது. ஏவுகிறவரின் உடைமையாக ஆற்றல் இருந்திருந்தால் அவர் உயிரைக் காத்துக்கொண்டிருப்பார். உடையத்தேவருக்கோ இந்த மறுப்பு வேண்டுமென்றே செய்யும் பிடிவாதமாகத் தெரிந்தது. 1693 பிப்ரவரி 4 அன்று ஆற்றோர மேட்டில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார்.

கொலைக்களத்தின் மண் அவருடைய குருதியால் சிவந்தது என்ற நம்பிக்கை விரைவில் பரவியது. அம்மண்ணை எடுத்துச் சென்று நோயுற்றோருக்குப் பூசுவதும், பிள்ளைப்பேறு வேண்டுவோர் ஓரியூருக்கு நேர்ந்துகொள்வதும், கிறிஸ்தவரல்லாத மறவரும் அவரைத் தம் குலத்திற்கு உறவினராகக் கொண்டாடுவதும் இன்றளவும் தொடர்கின்றன. உயிரோடிருந்தபோது உடையத்தேவருக்குக் கொடுக்க மறுத்ததை மறைந்தபின் மண் வழியாக எல்லாருக்கும் கொடுக்கிறார் என்பது போன்ற இம்மாற்றத்தில் ஒரு முரண் உண்டு. மக்கள் பக்தி அதைப் பொருட்படுத்தியதில்லை. திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் 1853-இல் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டமும், 12-ஆம் பத்திநாதர் 1947 சூன் 22 அன்று புனிதர் பட்டமும் அளித்தனர்.

1773-இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டபின், 1830-களின் இறுதியில் புதிய மதுரைத் தளம் தொடங்கும் வரை, இப்பகுதிக் கிறிஸ்தவர்கள் குருவைக் காண்பதே அரிதாயிற்று. உபதேசியாரும் கோயிற்பிள்ளையும் வீட்டு மூத்தோரும் செபத்தைத் தாங்கிக்கொண்ட அந்த நீண்ட இடைவெளியில், பேய் நீக்கும் பணி மெல்ல மெல்லப் புனிதர்களின் திருத்தலங்களுக்கே சென்று சேர்ந்தது. மானிடவியலாளர் டேவிட் மோஸ், 1980-களில் இராமநாதபுரம் பகுதிச் சிற்றூர் ஒன்றில் செய்த ஆய்வில் இத்தகைய திருத்தல வழக்கங்களை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். பேய் பிடித்தவர் என்று கருதப்படுபவர் அந்தோணியார் போன்ற புனிதரின் சந்நிதியில் ஆடி, பேயின் குரலில் தம் கதையைச் சொல்லி, இறுதியில் அடங்குவார்; அங்கே ஏவுவது புனிதரே, குரு பெரும்பாலும் விலகியே நிற்பார். திருச்சபையின் சட்டமும் அந்த விலகலை உறுதிப்படுத்துகிறது: 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்புப்படி ஆயரின் தனிப்பட்ட அனுமதியின்றி எவரும் பேயோட்டக் கூடாது, பொதுநிலையினர் அதற்குரிய வாய்பாட்டைப் பயன்படுத்தலாகாது என்று 1985-இல் உரோமையிலிருந்து ஆயர்களுக்கு மடல் வந்தது.

இதற்கிடையே 20-ஆம் நூற்றாண்டில் பரவிய பெந்தெகொஸ்தே சபைகள், ஏவும் அதிகாரம் விசுவாசி ஒவ்வொருவருக்கும் நேரடியாக உரியது என்று போதித்தன. ராமன்குட்டி என்ற இயற்பெயருடைய பாஸ்டர் பவுல் 1924-இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் மருந்தையே தவிர்த்துச் செபத்தை மட்டும் நாடும் அளவுக்குச் சென்றது. இவர்களின் பார்வையில் புனிதரின் மண்ணும் சந்நிதியும் தேவையற்றவை; இன்னும் கடுமையாகப் பேசுவோர் அவற்றையே ஓட்டப்பட வேண்டியவற்றுள் சேர்ப்பதுமுண்டு. ஆயினும் நோயாளியின் வீட்டிற்குச் சென்று, வேதவசனத்தை அவர்மீது வாசித்து, இயேசுவின் பெயரால் நோயைக் கடியும் இன்றைய ஊழியர், தோற்றத்தில் 1692-இன் உபதேசியாரை ஒத்திருக்கிறார். அந்த உபதேசியார் தம்மை அனுப்பிய குருவுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தார், தனித்து இயங்கும் ஊழியருக்கோ அத்தகைய கணக்கு கேட்பவர் பெரும்பாலும் இல்லை.