கழிப்பறை இல்லாத ரயில்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பிலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. இந்தக் கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நோய் வந்த இடம் மலக்குடல் என்பதை மட்டும் மேடையில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-இல் எழுதிய அறுவை முறையில் மலக்குடலோடு ஆசனவாயும் போய்விடும். வயிற்றில் துளை போட்டு வழி செய்வார்கள். பிறகு வந்தவர்கள் ஆசனவாயைக் காப்பாற்றக் கற்றார்கள். 1982-இல் ஹீல்ட் விவரித்த முறைக்குப் பின் நோய் திரும்புவதும் குறைந்தது. பலருக்கு நிரந்தரப் பை தேவைப்படவில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் மலத்தைத் தேக்கிவைக்கும் குடல் இல்லை, கதிர்வீச்சு பட்ட தசைக்கும் நரம்புக்கும் பழைய பலம் இல்லை. அந்தச் சிரமத்தை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை டென்மார்க் மருத்துவர்கள் வெளியிட்டது 2012-இல். காற்றை அடக்க முடிகிறதா, கசிகிறதா, ஒரு நாளில் எத்தனை முறை, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் போகிறீர்களா, ஓட வேண்டியிருக்கிறதா. மொத்தம் 42, 30-ஐத் தொட்டால் கடுமை. உயிரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்கவே நூறு வருஷம் ஆகியிருக்கிறது!

திருவொற்றியூரில் என் அம்மாவிடம் அந்த ஐந்தையும் கேட்டேன். 36. "கட்டி போயிடுச்சுப்பா, நான்தான் வூட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டேன்" என்றார். கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றால் அம்மாவின் முகம் மாறிவிடும். செக்கப்புக்கு முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுவார்.

மாற்றியது ஒரு நர்ஸ். பட்டினி வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க என்றார். ஆசனவாயைச் சுருக்கி விடும் பயிற்சி, டாக்டர் சொன்ன அளவில் லோபரமைடு, தோல் புண்ணாகாமல் துத்தநாகக் களிம்பு. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததும் பெரிய உதவி. ஸ்டேஷனில் கழிப்பறை இருக்கிறது, அவசரமானால் இறங்கிக்கொள்ளலாம்.

பக்கத்துத் தெரு அக்காவுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஆறு மாதமாகக் கல்யாணம் காட்சி எதற்கும் போகவில்லை. அம்மா போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "உனக்கும் கசியுதாடி?"

அந்த அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பேச ஆரம்பித்தார்.